ஏஎஸ்வி என்று தேடினால் பாம்பு வராது: குமரி மாவட்ட மருத்துவர்களுக்குப் பப்மெட் செய்முறை

பேச்சிப்பாறைப் பக்கம் விடியலில் ரப்பர் பால் வெட்டப் போனவர் காலில் கடியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஎஸ்வி எனும் பாம்பு நஞ்சு முறிமருந்து 10 குப்பி போயும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறையவில்லை. உறவினர்கள் அடித்துக் கொண்டுவந்த பாம்புக்கு மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. இது ஹிப்னாலே இனக் குழிவிரியனாக இருந்தால் நம்மிடம் உள்ள மருந்து வேலை செய்யுமா? இந்த ஒரு கேள்வியை வைத்தே தேடிப் பழகலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் இலவசம், தேட உள்நுழைவும் தேவையில்லை. கீழே வரும் தேடல் சொற்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

நோயாளி யார், என்ன சிகிச்சை, என்ன விளைவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தேடல் பெட்டியில் மூன்றையும் கொட்ட வேண்டாம். சொற்களுக்கு இடையில் விடும் இடைவெளியைப் பப்மெட் 'ஆண்ட்' (எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும்) என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சொல் கூடும்போதும் முடிவுகள் குறையும். இரண்டு சொல்லில் தொடங்குங்கள்: ஹிப்னாலே, ஆன்டிவெனம்.

படி 2: ஓபி சீட்டுச் சொல்லை ஆய்விதழ்ச் சொல்லாக மாற்றுங்கள்

தேடல்கள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். 'ஏஎஸ்வி' என்று மட்டும் போட்டால் தூக்க மூச்சுத்தடைக்கான அடாப்டிவ் சர்வோ வென்டிலேஷனும், நுண்ணுயிர் ஆய்வின் ஆம்ப்ளிகான் சீக்வென்ஸ் வேரியன்ட்டும் வந்து குவியும். 'ஆன்டி ஸ்நேக் வெனம்' நம் நாட்டு வழக்கு. உலக இலக்கியத்தில் 'ஆன்டிவெனம்'. பப்மெட்டின் பொருட்சொல் பட்டியலான மெஷ்ஷில் 'ஆன்டிவெனின்ஸ்'. கண்ணாடி விரியனுக்கும் இதே சிக்கல் உண்டு: இன்று 'டபோயா ரசெலி', பழைய கட்டுரைகளில் 'வைபெரா ரசெலி'. இரண்டையும் 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைக்காவிட்டால் பழைய கட்டுரைகள் கைநழுவும்.

சரியான சொல் தெரியாவிட்டால் பப்மெட் முகப்பின் அடிப்பகுதியில் 'மெஷ் டேட்டாபேஸ்' என்ற இணைப்பு இருக்கிறது. தெரிந்த சொல்லை அங்கே போட்டால் அவர்கள் வைத்திருக்கும் பெயரையும், அதன் மாற்றுப் பெயர்களையும் காட்டும்.

மெஷ் சொல்லை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். பப்மெட்டின் முதன்மைத் தொகுப்பான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளுக்கு மெஷ் குறியீடு கிடையாது. நம் நாட்டு இதழ்கள் பலவும் அந்த வகைதான். மெஷ் சொல்லையும் சாதாரணச் சொல்லையும் 'ஆர்' போட்டுச் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு.

படி 3: தட்டச்சு

ஆண்ட், ஆர், நாட் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பப்மெட் இடமிருந்து வலமாகவே வாசிக்கும். அதனால் 'கிட்னி ஆண்ட் ஹிப்னாலே ஆர் வைப்பர்' என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டால், சிறுநீரகத்துக்குச் சம்பந்தமே இல்லாத விரியன் கட்டுரைகளும் வந்துவிடும். 'ஆர்' போட்டு இணைக்கும் சொற்களை அடைப்புக்குள் வையுங்கள்.

மேற்கோள்குறியைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள். சும்மா 'ஸ்நேக் பைட்' என்று எழுதினால் அதற்குரிய மெஷ் சொல்லையும் பப்மெட் தானாகச் சேர்த்துக்கொள்ளும். மேற்கோள்குறி போட்டால் அந்த உதவி நின்றுவிடும்.

ஊர்ப் பெயரும் வேண்டாம். 'கன்னியாகுமரி' என்று சேர்த்தால் ஆசிரியர்களின் முகவரியிலும் தேடும். இங்கிருந்து எழுதியவர்களின் சம்பந்தமில்லாத கட்டுரைகள் வரும். 'இந்தியா' என்று சேர்த்தாலோ, ஹிப்னாலே பற்றி நிறைய எழுதியிருக்கும் இலங்கை மருத்துவர்களை இழப்பீர்கள். பாம்பு விஷயத்தில் நமக்கு டெல்லியைவிடக் கொழும்பு பக்கம்.

முடிவு விசித்திரமாக இருந்தால் 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் 'டீடெயில்ஸ்' அம்புக்குறியை அழுத்துங்கள். நீங்கள் எழுதியதைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பது அங்கே முழுதாகத் தெரியும்.

படி 4: வடிகட்டி

கணினியில் இடது பக்கம் இருக்கும். கைபேசியில் 'ஃபில்டர்ஸ்' பொத்தானுக்குள். 'ஹியூமன்ஸ்', வயது, பாலினம் ஆகியவை மெஷ் குறியீட்டை நம்பி இயங்குவதால், குறியீடு இல்லாத நல்ல கட்டுரைகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். 'இலவச முழுக் கட்டுரை' வடிகட்டியை முதலில் தொடவே வேண்டாம். கிடைப்பதை மட்டும் படித்தால் கிடைக்காதது என்ன சொல்கிறது என்று தெரியாமலே போகும்.

சிகிச்சைக் கேள்வி என்றால் 'ராண்டமைஸ்ட் கன்ட்ரோல்ட் டிரையல்' (சமவாய்ப்புச் சோதனை), 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' (பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கடும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு (உண்ணிக் காய்ச்சல்) இப்படித் தேடினால் 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இந்திய ஆய்வு எளிதில் அகப்படும். 794 நோயாளிகள், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழி சேர்த்துக் கொடுத்த பிரிவில் இறப்பு, 7ஆம் நாளிலும் தொடரும் சிக்கல், 5ஆம் நாளிலும் தொடரும் காய்ச்சல் ஆகியவற்றை ஒன்றாகக் கணக்கிட்ட விளைவு 33 சதவீதம், ஒற்றை மருந்துப் பிரிவுகளில் 47, 48.

நம் பாம்புக் கேள்விக்கு அதே வடிகட்டி பெரிதாக உதவாது. பாம்பு நஞ்சால் வரும் ரத்த உறைவுக் கோளாறுக்கு முறிமருந்து பற்றி, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வே, மருந்து கொடுக்காத பிரிவோடு ஒப்பிட்ட சமவாய்ப்புச் சோதனை ஒன்றும் இல்லை என்றுதான் முடிந்தது. இத்தகைய இடத்தில் வடிகட்டியை நீக்கிவிட்டு நோயாளி விவரக் கட்டுரைகளைப் படியுங்கள். 2007இல் கேரளத்திலிருந்து வந்த ஹிப்னாலே கடிக் கட்டுரை அப்படித்தான் கிடைக்கும். இந்தியப் பல்நஞ்சு முறிமருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாராவது. ஹிப்னாலேக்கு அது பயன்படாது. ஆகவே கூடுதல் குப்பிகளில் பலனில்லை, சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்துசேர்வீர்கள். ஒரு நிபந்தனை: அடித்துக் கொண்டுவந்த பாம்பு ஹிப்னாலேதான் என்பது உறுதியாக வேண்டும். கண்ணாடி விரியனாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இந்த முடிவு செல்லாது.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதன் கீழே 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்', 'சைட்டட் பை' இரண்டையும் பாருங்கள். பல நேரம் இது புதிய தேடலைவிட வேகமான வழி.

படி 5: முழுக் கட்டுரை

வலது பக்கத்தில் பிஎம்சி (பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைத் தொகுப்பு) சின்னம் இருந்தால் இலவசம். இல்லையென்றால் உலாவியில் அன்பேவால் நீட்சியை நிறுவுங்கள். சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்கள் 'ஒரே நாடு ஒரே சந்தா' இணைப்பு பற்றி நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைக் கொண்டுவந்த திட்டம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தனியார் கிளினிக்கிலும் இருப்பவர்களுக்கு ஆசிரியரின் மின்னஞ்சல்தான் வழி. ஆசிரியர் பெயருக்குக் கீழுள்ள விவரத்தை விரித்தால் முகவரி கிடைக்கலாம். இரண்டு வரி எழுதிக் கேட்டால் பலர் அனுப்பிவிடுவார்கள்.

படிக்கும் முன் பக்கத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட் அங்கேயே அறிவிப்புப் போட்டிருக்கும். 2020 மே 22இல் லான்செட்டில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே தரவிறக்கியவர்களின் பிடிஎஃபில் அந்த அறிவிப்பு இருக்காது.

படி 6: அலர்ட்

இதே தேடலுக்குப் புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் தெரிய, பப்மெட்டின் பயனர் கணக்கான மை என்சிபிஐயில் கூகுள் கணக்கால் நுழைந்து, தேடல் பெட்டியின் கீழுள்ள 'கிரியேட் அலர்ட்' அழுத்துங்கள். மாதம் ஒருமுறை என்று வைத்தால் போதும். தினமும் என்று வைத்தால் இரண்டே வாரத்தில் திறக்காமலே அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள். 'கிளிப்போர்டில்' போட்டவை 8 மணி நேரம் தொடாமல் இருந்தால் போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டியதை 'கலெக்‌ஷன்ஸ்' பகுதியில் சேமியுங்கள்.