மேக்கப் போட லைசன்ஸ் வேணுமாக்கா?

தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டாள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இவள் போனைப் பார்த்தே மேக்கப் கற்றுக்கொண்டு நாலு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டாள். லைசன்ஸ் இல்லாமல் செய்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுங்கை சிப்புட்டில் 19 வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இதே கேள்வியை வேறு பெண்களும் கேட்பதால் எழுதியே வைக்கிறேன்.

மலேசியாவில் மேக்கப் போடுகிற ஆளுக்கென்று தனி லைசன்ஸ் கிடையாது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் உள்ள மாதிரி நமக்கு ஒன்றும் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாமல் ஒரு பெண்ணின் முகத்தில் பவுடர் பூசியதற்காக யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. ஆனால் தொழிலைப் பதிந்தாயா, கடை இருந்தால் அதற்கு லைசன்ஸ் எடுத்தாயா, என்ன சாமானைப் பூசுகிறாய் என்று கேட்பார்கள்.

முதலில் எஸ்.எஸ்.எம்., அதாவது தொழில்களைப் பதிகிற மலேசிய நிறுவன ஆணையம். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கட்டணமோ மிகக் குறைவு. அடையாளக் கார்டில் உள்ள பெயரிலேயே பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, தொழிலுக்கென்று வேறு பெயர் வைத்தால் 60. இங்கேதான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். 30 வெள்ளி என்றால் கார்டில் இருக்கிறபடி ‘அனாக் பெரம்புவான்’ (இன்னாரின் மகள்) என்று போட்டு அப்பா பெயரோடு முழுசாக வரும். கூட ‘பிரைடல்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது தொழில் பெயர், 60 வெள்ளிதான். 30 வெள்ளியைப் பார்க்காதீர்கள், நல்ல பெயராக வையுங்கள். எஸ்.எஸ்.எம்.மின் ஈஸிபிஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஒரே தடவையில் 5 வருஷத்துக்கும் கட்டலாம். நான் வருஷா வருஷம் கட்டுகிறேன் என்று இருந்து, ஒரு வருஷம் மறந்து, கடனுக்கு மனு போட்டபோது கவுன்டரில் தலை குனிந்து நின்றவள்.

மணப்பெண் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் கடை லைசன்ஸ் பிரச்சினை இல்லை. கடை எடுத்தால் உள்ளூர் மன்றத்தின் லைசன்ஸ் வேண்டும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று துணைச் சட்டம் வைத்திருக்கிறது. ஈப்போவில் அக்காள் மகள் செய்ததை நீங்கள் இங்கே அப்படியே செய்ய முடியாது. சுங்கை சிப்புட் என்றால் கோலா கங்சார் நகராட்சி மன்றம். எஸ்.எஸ்.எம். பத்திரம், அடையாளக் கார்டு, வாடகை ஒப்பந்தம், கடையின் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டு முன்கூடத்தில் கண்ணாடி மாட்டி ஆட்களை வரவழைக்கிற எண்ணம் இருந்தால், கண்ணாடி வாங்கும் முன்பே அங்கே போய்க் கேளுங்கள். போர்டுக்கும் தனி அனுமதி. தமிழில் எழுதலாம், ஆனால் மலாய் எழுத்துதான் பெரிதாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது சாமான். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

தொழிலுக்கு வந்த நாலாவது வருஷம். தெரிந்த ஒருவரிடம் 15 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினேன். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். செய்தவர் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. காலை ஏழரைக்கு முகூர்த்தம், மூன்றரைக்கே தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து பூச ஆரம்பித்தேன். கண்ணுக்கு மை போடுவதற்குள் பெண்ணின் இடது காதிலிருந்து தாடை வரை சிவந்து, வேர்க்குரு மாதிரி எழும்பிவிட்டது. எல்லாவற்றையும் கழுவி, துணியில் ஐஸ் கட்டி வைத்து, கடைசியில் கண்ணும் உதடும் மட்டும் போட்டு மணவறைக்கு அனுப்பினேன். கண்ணு பட்டுவிட்டது என்று அவள் பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கண்ணுமில்லை, மண்ணுமில்லை, அந்த 15 வெள்ளி டப்பாதான் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

இந்த நாட்டில் விற்கிற ஒவ்வொரு அழகு சாமானும் என்.பி.ஆர்.ஏ. என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கிற எண் ‘நாட்’ (NOT) என்று தொடங்கி, நடுவில் இலக்கங்கள் வந்து, ‘கே’யில் (K) முடியும். அவர்களுடைய குவெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் சாமானின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எண் இருப்பதாலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. விற்கிறவர் தாமே பொறுப்பேற்று அறிவிக்கிறார். சோதனை பெரும்பாலும் சந்தைக்கு வந்த பிறகுதான். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கண்டுபிடித்தால் அறிவிப்பை ரத்து செய்து, பெயரையும் வெளியிடுவார்கள். ஆகவே பழைய சாமானையும் அவ்வப்போது தேடிப் பாருங்கள். முகம் வெளுக்கிற கிரீம் என்றால் இரண்டு மடங்கு கவனம். சாமானைச் சின்ன டப்பாவுக்கு மாற்றினாலும் அசல் பெட்டியை எறியாதீர்கள்.

ஊசி பக்கம் போகவே கூடாது. போட்டோக்ஸ், ஃபில்லர் எல்லாம் பதிவு பெற்ற டாக்டரின் வேலை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய் சர்ட்டிபிகேட் வாங்கினேன் என்று காட்டுகிறவர்கள் உண்டு, அது எங்கேயும் செல்லாது.

படிப்புச் சான்று கட்டாயமில்லை என்றாலும் எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் எடுத்து வைப்பது நல்லது. பின்னால் வகுப்பு நடத்த நினைத்தால் அதைத்தான் கேட்பார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடிக்காமல் கைப்பழக்கத்தில் வந்த என் மாதிரி ஆட்களுக்கு பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. செய்த வேலையை அத்தாட்சியோடு கோப்பாகக் கொடுத்தால் திறன் மேம்பாட்டுத் துறை மதிப்பிட்டுச் சான்று தரும். என் கோப்பில் பாதி மணப்பெண்களின் பின்னந்தலைதான், சடையும் பூவுமாக.

விடிகாலை மூன்று மணிக்குத் தோட்டத்துச் செம்மண் பாதையில் காடி ஓட்டுகிறவர்கள் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் திட்டத்திலும் சேருங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அது, அழகுத் தொழிலும் அதில் அடக்கம். வருமான வரிக்கு பாரம் பி என்கிற படிவம், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் எப்போது அலைவது என்று அந்தப் பெண் கேட்டாள். எஸ்.எஸ்.எம். பதிவை உடனே முடி, மற்றதற்கு ஆடி மாதத்தில் போ என்றேன். கல்யாணம் இருக்காது, கையும் சும்மா இருக்கும்.