வெள்ளிக் கூழ்மம் சாம்பலான கதை

மாலகைட் கிரீன் சாயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ராமன் கருவியில் (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி) வைத்தால், சமிக்ஞையைப் பெருக்கும் வெள்ளி நானோ துகள்களின் தயவில் வரைபடத்தில் 1616 செ.மீ⁻¹ பக்கம் சாயத்தின் அடையாள முகடு பளிச்சென்று நிற்கும். அதே அளவைக் கடல்நீரில் கலந்தேன், ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் லேசரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் குப்பியையே உற்றுப் பார்த்தேன். இளமஞ்சளாக இருந்த வெள்ளிக் கூழ்மம் (அந்த நானோ துகள்கள் மிதக்கும் நீர்), கடல்நீர் ஐந்தாறு சொட்டு விழுந்ததுமே சாம்பலாகி, அரைமணி நேரத்தில் அடியில் கறுப்பாகப் படிந்துவிட்டது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, பாவம் அது என்ன செய்யும்! துகள்களை விலக்கி வைக்கும் மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிட, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. (சிட்டிகை உப்பு நல்லதுதான், முகடு கூடும், அளவு மீறினால்தான் வம்பு.)

சரி, உப்பைக் கழற்றிவிடலாம் என்று, வடிகட்டிய 500 மி.லி. கடல்நீரை சி18 கேட்ரிட்ஜ் (சாயம் போன்ற கரிமப் பொருட்களைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) வழியே மெதுவாக விட்டேன். சாயம் தங்கும், உப்பு போய்விடும். காய்ச்சி வடித்த நீரால் கழுவி, துளி அசிட்டிக் அமிலம் சேர்த்த 2 மி.லி. மெத்தனாலில் சாயத்தை இறக்கி, உலர்த்தி, 1 மி.லி. நீரில் கரைத்தேன். முகடு வந்தது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. மிச்சம் கண்ணாடிக் குப்பியின் சுவரில்! நேர்மின்னூட்டச் சாயம், கண்ணாடியைப் பிடித்தால் விடாது. இப்போது பாலிபுரொப்பிலீன் குப்பிதான். முகட்டின் உயரத்தைச் சாய அளவாக மாற்றும் அளவுக்கோட்டுக்கான கரைசல்களையும், சாயமில்லாத கடல்நீரில் தெரிந்த அளவு சாயம் சேர்த்துத் தயாரித்து இதே வழியில் அனுப்புகிறேன்.