கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கோளாறு இல்லை

சித்தப்பா புது கார் எடுத்தார். பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டை வருவதற்குள், "ஏல, இந்தக் கண்ணாடியில என்னமோ மஞ்சளா எரியுதே, வண்டியில கோளாறா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். கோளாறு இல்லை; ஓட்டுபவர் கண்ணில் படாமல் பக்கத்தில் வருகிற வண்டியைக் காட்ட, பக்கக் கண்ணாடியில் எரியும் எச்சரிக்கை விளக்கு அது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே பாருங்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைப் பின்பக்க மூலையிலிருந்து உங்கள் கதவை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். நடுக் கண்ணாடியிலும் தெரியாமல் பக்கக் கண்ணாடியிலும் தெரியாமல் அவர் காணாமல் போகிற இடம் ஒன்று வரும். அதுதான் பிளைண்ட் ஸ்பாட். ஒரு பைக் முழுசாக அதில் ஒளிந்துகொள்ளும்.

2. பெரும்பாலான கார்களில் பின் பம்பரின் இரு மூலைகளிலும், வெளியே தெரியாமல், ரேடார் இருக்கும். அது அனுப்பும் ரேடியோ அலை பக்கத்து வண்டியில் பட்டுத் திரும்பும். அதை வைத்து அந்த வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டு, அந்தப் பக்கக் கண்ணாடியில் விளக்கைப் போடும். திரையில் வண்டி அமைப்புகளுக்குள் போய் இது ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. காலையில் நெரிசல் இல்லாதபோது நாங்குநேரி பக்கம் நாலு வழிச் சாலையில் இடது ஓரமாகப் போங்கள். வலப்பக்கம் ஒரு கார் முந்த வரும்போது விளக்கு எரியும். அது உங்கள் கதவைத் தாண்டியதும் அணைந்துவிடும். வெறும் விளக்கு என்றால் 'ஆள் இருக்கு' என்று அர்த்தம். நீங்கள் இண்டிகேட்டர் போட்ட பிறகும் ஆள் இருந்தால்தான் விளக்கு மினுக்கி, 'பீப் பீப்' என்று கத்தும். நம் ஊரில் பாதிப் பேர் இண்டிகேட்டர் போடுவதே இல்லை. திரும்பப் போகிறீர்கள் என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? அதற்காக, சத்தம் கேட்க ஆசைப்பட்டு வேண்டுமென்றே போட்டுப் பார்க்காதீர்கள், பக்கத்து வண்டிக்காரர் பதறிவிடுவார்.

விளக்கு எரியாவிட்டாலும் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டே பக்கத்துத் தடத்துக்கு மாறுங்கள். பின்னாலிருந்து அசுர வேகத்தில் வருகிற வண்டியை அது தாமதமாகத்தான் காட்டும். ஊருக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போது பல கார்களில் இது வேலையே செய்யாது.

4. ரிவர்ஸ். டவுனில் வாகையடி முக்குப் பக்கம் இரண்டு வேன்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து நிறுத்தியிருக்கிறீர்கள். பின்னால் எடுக்கும்போது இரு பக்கமும் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் கியர் விழுந்ததும், அதே ரேடார் பக்கவாட்டில் குறுக்கே வரும் வண்டிகளைத் தேடும். இடமிருந்து ஆட்டோ வந்தால் திரையில் அந்தப் பக்கம் அம்புக்குறி, கூடவே சத்தம். சில கார்கள் தானே பிரேக்கும் போடும்.

ஆனால் வேன் மறைத்துக்கொண்டிருக்கும்வரை ரேடாருக்கும் கண் கிடையாது. ஓர் அடி பின்னால் எடுங்கள், நில்லுங்கள், கேளுங்கள், அப்புறம் அடுத்த அடி. நடந்து வருகிற ஆளையோ ஆட்டுக்குட்டியையோ இது காட்டும் என்று நம்ப வேண்டாம். அதற்குக் கேமராவும் உங்கள் கண்ணும்தான்.

5. சித்தப்பாவிடம் கடைக்காரர், "பின்னால ஸ்டீல் கார்டு மாட்டிருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டார். பம்பரில் அடி படாமலிருக்க மாட்டும் இரும்புச் சட்டம் அது. நான் வேண்டாம் என்றேன். இரும்பு முன்னால் நின்றால் ரேடார் குழம்பும். மழைக்காலத்தில் பம்பர் மூலையில் சேறு அப்பினாலும் திரையில் எச்சரிக்கை வரும். சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.