டாட், மாம்: கேப்பிட்டலா, ஸ்மாலா?

இங்கிலீஷில் மாம், டாட் என்று எழுதும்போது முதலெழுத்து கேப்பிட்டலா என்று குழப்பமாக இருந்தால், அந்த இடத்தில் ஓர் ஆளின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். 'ஐ சா டாட் அட் மாட்டுத்தாவணி' என்பதை 'ஐ சா பாண்டி அட் மாட்டுத்தாவணி' என்றாலும் சரியாக வருகிறது, எனவே கேப்பிட்டல். 'மை டாட்' என்பது 'மை பாண்டி' ஆனால் இடிக்கும், அப்போது ஸ்மால் லெட்டர்தான். பெயருக்குப் பதிலாக நின்றால் அது சிறப்புப் பெயர். மை, யுவர், ஹிஸ் முன்னால் வந்துவிட்டால் வெறும் உறவைச் சொல்லும் பொதுப் பெயர். லீவ் லெட்டரில் வரும் 'மை ஃபாதர்'க்கும் இதேதான்!

டியர், ஸ்வீட்டி மாதிரிச் செல்ல விளிகளுக்கு இந்தச் சோதனை உதவாது. பெயர் பொருந்தினாலும் அவை பொதுவாக ஸ்மால் லெட்டரில்தான் வரும். வாக்கியத்தின் முதல் சொல் எப்படியும் கேப்பிட்டல்தானே, அங்கேயும் இது வேண்டாம்.