பரிமாற்ற செமஸ்டரில் கிரெடிட் வீணாகாமல் இருக்க

ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க எக்ஸ்சேஞ்ச் மாணவராகக் கிளம்புகிறவர்கள் விசாவுக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது பாட ஒப்பந்தத்துக்குக் காட்டுங்கள். அங்கே படிக்கும் பாடம் சொந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று எழுதி, நீங்களும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திடும் தாள் அது.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது கிரெடிட் முறை) கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, சுயபடிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 தேவை என்றால் 40 கிரெடிட் அளவுக்கு முன்ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பாடம் ரத்தாகும், இன்னொன்றில் இடம் நிரம்பியிருக்கும், மூன்றாவது வேறொரு வகுப்போடு நேரம் மோதும். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

துறைத்தலைவர் பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார். வாரவாரித் தலைப்புகள், மணிக்கணக்கு, மதிப்பெண் பிரிப்பு மூன்றும் உள்ள பாடத்திட்டத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே மாறியிருக்கலாம்.

பாடத்தை மாற்றினால் அன்றே மின்னஞ்சலில் ஒப்புதல் கேளுங்கள். வாய்வார்த்தை செல்லாது. ஊர் திரும்புமுன், மதிப்பெண் பட்டியலை யார், எப்போது, எந்த முகவரிக்கு அனுப்புவார்கள் என்று சர்வதேச அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.