தோலுக்கடியில் காந்தமும் சிப்பும்: கீறல் ஆறிய பிறகு தொடங்கும் தொல்லைகள்

விரல்நுனியில் காந்தம், கட்டைவிரல் இடுக்கில் கதவைத் திறக்கும் சிப் என்று வீட்டிலேயே தோலைக் கீறிப் பதித்துக்கொள்பவர்கள் வலிக்கும் ரத்தத்துக்கும்தான் அஞ்சுகிறார்கள். கீறல் சில நாட்களில் மூடிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் பொருளோடுதான் உடல் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்கும்.

1957இல் எலெக், கோனென் என்ற இருவர் மனிதத் தோலில் ஒரு சோதனை நடத்தினார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. தையல் நூல் ஒன்று உள்ளே இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தன. நூலுக்கே இந்தக் கதி! பதித்த பொருளுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன்மேல் ஒட்டிப் படலமாகப் படர்ந்துவிட்டால் மருந்து அவற்றை எளிதில் நெருங்காது. அதனால்தான், மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்வது பெரிய தவறு. வீக்கம் வடியும், மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும். பெரும்பாலும் பொருளை எடுத்தால்தான் தீரும்.

அடுத்தது, கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கக்கூடியவை. ஸ்பிரிட்டுக்கும் அவை சாவதில்லை. அவற்றைக் கொல்ல, மருத்துவமனையில் கருவிகளைச் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். விரலில் பதிக்கும் சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். சூடாக்கினால் காந்தம் கெடும், சூடாக்காவிட்டால் விரல் கெடும்.

கடையில் கிடைக்கும் காந்தத்தின் மினுமினுப்பு பெரும்பாலும் நிக்கல் பூச்சு. அது உடலுக்குள் வைப்பதற்காகப் பூசப்பட்டதல்ல. இடுக்கி பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் உப்புநீர் போன்ற உடல்திரவம் உள்ளே புகுந்து காந்தத்தை அரிக்கும். மேலே தோல் கறுத்து மெலிந்து, ஒருநாள் காந்தமே பிய்த்துக்கொண்டு வெளியே வரும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பும் கூடுதலாகச் சேரும்.

விரலைத் தேர்ந்தெடுப்பதே என் கண்ணுக்கு ஆகப் பெரிய அசட்டுத்தனம். இருபுறமும் நரம்பும் ரத்தக்குழாயும், உள்ளங்கைப் பக்கம் உறை போட்ட தசைநாணும் நெருக்கியடித்து ஓடும் இடம் அது. உறைக்குள் சீழ் ஏறினால் விரல் முழுதும் வீங்கி மடங்கி நிற்கும். நிமிர்த்தினால் உயிர் போகும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் விரல் மடங்கும் திறனே போகலாம். மரத்துப்போக ஊசி போட்டுக்கொள்வதும் விளையாட்டல்ல. அளவு மீறினால் உதடு மரத்து, காது இரைந்து, வலிப்பு வரை போகும்.

1998இல் கெவின் வார்விக் என்ற பேராசிரியர் கையில் சிப் பதித்துக்கொண்ட கதையை ஆர்வலர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதைப் பதித்தவர் ஒரு மருத்துவர் என்பதையும், ஒன்பது நாளில் எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பதித்துக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாத இடம் எம்.ஆர்.ஐ. அறை. அங்குள்ள 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுள்ள காந்தப்புலம் தோலுக்கடியிலுள்ள காந்தத்தை இழுக்கும், திருகும். நினைவிழந்து கொண்டுவரப்பட்டால் வாய்திறந்து சொல்ல முடியாது. எந்த இடத்தில், என்ன பொருள், எப்போது பதித்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.