மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மினி, மோரிஸ் மைனர், பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதிக்கும் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் சிலிண்டரை, கழற்றிவிட்டு இரட்டைச் சுற்றுக்கு மாற நினைப்பது சரியான முடிவு. ஒற்றைச் சுற்றில் ஒரே ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டும்.

ஆனால் இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் சிங்கப்பூரின் பட்டறைப் பகுதிகளான காக்கி புக்கிட்டுக்கும் சின் மிங்குக்கும் ஓட்டிவரும் கார்களில் திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான். ஆயில் கசிவு, இறுக்காமல் விட்ட நட்டு போன்றவை பார்த்தாலே தெரியும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

பெரிய சிலிண்டர் வாங்கினால் பிரேக் பலமாகும் என்று நம்புவது

இதைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் நடப்பது நேர் எதிர். காலால் கொடுக்கும் விசை அதேதான். உள்விட்டம் பெரிதாக ஆக, அந்த விசை அதிகப் பரப்பில் பரவி அழுத்தம் குறைகிறது.

கணக்கைப் பாருங்கள். மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் இல்லாத கார், பெடல் விகிதம் 6:1, காலின் விசை 30 கிலோ. பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடில் 180 கிலோ விழுகிறது. உள்விட்டம் 3/4 அங்குலம், அதாவது 19.05 மி.மீ. என்றால் பரப்பு 2.85 சதுர செ.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 63 கிலோ. 7/8 அங்குலத்தில் அது 46 ஆகிறது. ஒரு அங்குலத்தில் 35 சொச்சம்தான். பழைய அழுத்தம் வேண்டுமென்றால் 53 கிலோவுக்கு மிதிக்க வேண்டும்.

ஏமாற்றுவது பெடல்தான். பெரிய சிலிண்டரில் பெடல் கொஞ்ச தூரமே இறங்கி, கல் மாதிரி நிற்கும். பட்டறைக்குள் காரை நகர்த்திப் பார்ப்பவருக்கு மனம் நிறைந்துவிடும். தீவு விரைவுச்சாலையில் முன்னால் போகும் லாரி சட்டென்று நிற்கும்போதுதான் கால் முழுபலத்தோடு அழுத்தியும் கார் நகர்ந்துகொண்டே இருப்பது தெரியும்.

"சுற்று இரண்டாகிறதே, ஆயில் இரண்டு மடங்கு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சக்கரங்களில் உள்ள சிலிண்டர்கள் மாறவில்லை என்றால் அவை கேட்கும் ஆயிலும் மாறாது. முன்சுற்றுக்குக் கொஞ்சம், பின்சுற்றுக்குக் கொஞ்சம் என்று பிரிகிறதே தவிர, பிஸ்டன் நகரும் மொத்தத் தூரம் ஏறக்குறைய அதேதான். அமெரிக்காவுக்குப் போன 1967 பீட்டிலில் இரட்டைச் சுற்றுக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்ததும் 19.05 மி.மீ.தான்.

பெடல் தாழ்வாக இருக்கிறது என்பதற்காகவே பலர் பெரிய சிலிண்டர் தேடுகிறார்கள். முதலில் டிரம் பிரேக்கின் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். மினியில் பின்தட்டில் இருக்கும் சதுரத் தலை திருகை, சக்கரம் பிடிக்கும் வரை திருப்பி, பிறகு சுழலும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். டிஸ்க் போட்டு, ஷூவையும் சரிசெய்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் முழுதாக எடுத்த பிறகும் பெடல் தாழ்ந்தால் மட்டும் ஒரே ஒரு படி ஏறுங்கள்: 3/4-லிருந்து 13/16. அதிலேயே 15 விழுக்காடு அழுத்தம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய சிலிண்டரின் உடம்பில் பெரும்பாலும் அளவு வார்த்திருக்கும். அதை மட்டும் நம்பாமல் வெர்னியரால் உள்ளே அளந்து பாருங்கள். தேய்ந்த சிலிண்டருக்குள் வேறு அளவில் குழல் செருகியிருக்கலாம். இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, கப்பல் கூலியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்டி, தடுப்புத் தகட்டில் துளை போட்டு, பிரேக் குழாயையும் வெட்டி வளைத்த பிறகு அளவு தவறு என்று தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

புஷ் ராடுக்கு இடைவெளி விடாதது

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே கிடக்கும். நம் ஊர் வெயிலில், நெரிசலில், ஆயில் சூடேறி விரிந்து போக வழியின்றி பிரேக்கைத் தானே அழுத்தும். கிளம்பும்போது நன்றாக ஓடிய கார் அரைமணி நேரத்தில் இழுக்க மறுக்கும், சக்கரம் தீய்ந்த வாடை அடிக்கும்.

அந்த நேரத்தில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் புஷ் ராடில்தான். பொருத்தும்போதே டப்பா மூடியைத் திறந்து, ஒருவரை மெல்ல மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்: தொடக்கத்தில் ஆயில் சின்னதாகக் கொப்பளித்தால் துளை திறந்திருக்கிறது. ஆயில் கண்ணில் தெறிக்காமல் தள்ளியிருந்து பாருங்கள்.

3/8 அங்குல நட்டை 10 மி.மீ. துளையில் போடுவது

பிரிட்டிஷ் கார் குழாயில் 3/8 அங்குல நுண்மரை, பல புதிய சிலிண்டர்களில் 10 மி.மீ. மரை. மரை இடைவெளியில் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் நட்டு உள்ளே போகும், இறுகியது போலவும் இருக்கும். அவசரமாக மிதிக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். கையால் திருகும்போதே ஆடினால் நிறுத்திவிடுங்கள். குழாய் நுனி விரிவின் வடிவமும் பொருந்த வேண்டும். டெஃப்ளான் டேப் சுற்றி இதைச் சரிக்கட்ட முடியாது.

டிரம் சிலிண்டரை டிஸ்க்குக்கு அப்படியே வைப்பது

டிரம்முக்கான சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தம் தக்கவைக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க்கில் அது பேடை உரசவிடும். கழற்றுங்கள். மோரிஸ் மைனர் மாதிரி சிலிண்டர் தரைக்கடியில், பேடால் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைவிடத் தாழ்ந்து இருந்தால் 2 பிஎஸ்ஐ வால்வு போடுங்கள்.

மீந்த ஆயிலை எடுத்துவைப்பது

டாட் 4 வகைப் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். சிங்கப்பூர்க் காற்றில் திறந்த டப்பாவை வைத்திருக்காதீர்கள்.

டாட் 5-ஐ (சிலிக்கோன் ஆயில்) டாட் 4-இல் கலப்பது

கூடவே கூடாது.

ஒரு சுற்றைத் திறந்துவைத்துச் சோதிக்காமல் சாலைக்குப் போவது

கார் நின்றிருக்க, முன்சக்கரத்தில் காற்று எடுக்கும் நிப்பிள் ஒன்றில் குழாய் மாட்டி அதைத் திறந்துவைத்து மிதியுங்கள். பெடல் தரையைத் தொடுவதற்குள் பின்பிரேக் பிடிக்க வேண்டும். பிறகு பின்னால் திறந்து, முன்பிரேக்கைப் பாருங்கள். பெடல் முதலில் தரையைத் தொட்டால் இரட்டைச் சுற்று போட்டும் பயனில்லை. புஷ் ராடின் நீளத்தையும் ஷூ அட்ஜஸ்ட்மென்டையும் மறுபடி பாருங்கள். முடிந்ததும் நிப்பிளை மூடி, காற்றை மீண்டும் எடுங்கள்.

அனுமதி

நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் வேலை தொடங்குமுன் கேளுங்கள்.